ஸ்பானிஷில் 'பெரோ', 'சினோ' குழப்பம்: யாராவது உதவுங்களேன்

ஸ்பானிஷ் தெரிந்த நண்பர்களுக்கு வணக்கம். நாலு மாதமாக வீட்டிலிருந்தே படிக்கிறேன். எதிர்மறை வாக்கியங்களில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

'யாரும் வரவில்லை' என்பதற்கு 'நோ வீனோ நாதியே' என்கிறார்கள். 'நாதியே'வை முன்னால் போட்டால் 'நாதியே வீனோ'தான், 'நோ' காணாமல் போய்விடுகிறது. 'நாதியே நோ வீனோ' என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு இது மண்டையில் ஏறிவிட்டது. சரி, அதை விடுங்கள்.

என் தலைவலி 'ஆனால்' விஷயம். அதற்கு ஸ்பானிஷில் 'பெரோ', 'சினோ' என்று இரண்டு சொற்கள். 'நோ எஸ் மெதிகோ, சினோ என்ஃபெர்மேரோ': அவர் டாக்டர் இல்லை, நர்ஸ். தமிழில் இங்கே இணைப்புச் சொல்லே வேண்டாம், அதனால்தான் 'சினோ' எனக்குக் கைவர மாட்டேன் என்கிறது. ஆனால் 'நோ எஸ் காரோ, பெரோ தாம்போகோ எஸ் பராத்தோ' (விலை அதிகமில்லை, ஆனால் மலிவும் இல்லை) என்பதில் 'பெரோ' வருகிறது. முன்னால் சொன்னதைத் தள்ளிவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் வைத்தால் 'சினோ', கூடுதலாக ஒன்றைச் சொன்னால் 'பெரோ' என்று புரிந்துகொண்டிருக்கிறேன். சரிதானா?

அப்புறம் இந்த 'கே'. 'நோ லோ கொம்ப்ரோ, சினோ கே லோ அல்கிலோ': அவன் அதை வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தான். பின்னால் வினை வந்தால் 'சினோ கே' என்று குறித்துவைத்தேன். மறுநாளே 'நோ கியேரோ கொமேர், சினோ தோர்மீர்' (சாப்பிட வேண்டாம், தூங்க வேண்டும்) கண்ணில் பட்டது. 'தோர்மீரு'ம் வினைதானே, 'கே' எங்கே? காலமும், செய்வது நானா நீயா அவனா என்பதும் காட்டாத வெறும் வினை வடிவம் என்பதாலா?

எளிய உதாரணம் இரண்டு மூன்று கொடுத்து யாராவது விளக்கினால் புண்ணியமாய்ப் போகும்.