சம்மர் ஹவுஸ் இரட்டைக் கதவில் காற்று புகுகிறது, டேப் ஒட்டியும் நிற்கவில்லை. உதவுங்கள்

லீட்ஸ்வாசி
வணக்கம். இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் இருக்கிறோம். வீட்டுப் பின்தோட்டத்தில் மரத்தாலான சம்மர் ஹவுஸ் ஒன்று இருக்கிறது. முகப்பு 2.4 மீட்டர் அகலம், வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு. மனைவி அதில்தான் தையல் மெஷின் போட்டு வேலை செய்கிறார். அக்டோபர் பிறந்ததும் கதவுச் சந்து வழியாக வாடைக்காற்று நேராக அவர் காலில் அடிக்கிறது.

போன பிப்ரவரியில் கதவு இறுகி, திறக்கவே முடியவில்லை. இரண்டு கதவும் சந்திக்கும் ஓரத்தை இழைப்புளியால் இழைத்தேன். அப்போது சரியாகிவிட்டது. கோடையில் பார்த்தால் நடுவில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து. ஃபோம் டேப் வாங்கி ஒட்டினேன், இரண்டே வாரத்தில் சுருண்டு விழுந்தது. வலது கதவின் அடிமூலை இப்போதும் வாசல்படியில் உரசுகிறது. ஒரு பக்கம் உரசல், ஒரு பக்கம் சந்து. எங்கிருந்து தொடங்குவது?

பச்சைக்கதவு
எனக்கும் இதே தொல்லை இருந்தது. ஃபோம் டேப்பை விட்டுவிடுங்கள், ஈரம் குடித்துச் சப்பையாகிவிடும். ஈபிடிஎம் ரப்பர் பட்டை என்று கேட்டு வாங்குங்கள். குறுக்கே பார்த்தால் ஆங்கில E எழுத்துப் போல இருக்கும் ஈ வடிவம் 2, 3 மில்லிமீட்டர் சந்துக்கு, P எழுத்துப் போன்ற பி வடிவம் 3 முதல் 5 வரைக்கும். எங்கள் ஷெட்டில் மூன்று குளிர்காலம் தாண்டியும் அப்படியே இருக்கிறது.

தச்சுவேலை
பட்டை வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள் தம்பி. இந்த நாட்டில் பல வருடம் தோட்டக் கொட்டில்கள் பொருத்திக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உரசலும் சந்தும் ஒன்றாக இருந்தால் முதலில் கதவு ஏன் கோணியது என்று பார்க்க வேண்டும். கோணலை விட்டுவிட்டுப் பட்டை ஒட்டினால், உரசும் இடத்தில் அது கிழியும், அகன்ற இடத்தில் தொடவே தொடாது.

கதவைச் சாத்திவிட்டு மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். நடுச்சந்து மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு? இரண்டு கதவின் மேல்விளிம்பும் ஒரே மட்டமா? வாசல்படியில் ரசமட்டம் வைத்தால் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது?

நடுச்சந்து மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால் பிணைச்சல் தளர்ந்து கதவு தொங்குகிறது. உங்கள் ஊரில் கீல் என்பீர்கள். அப்படியானால் திருகாணியைக் கழற்றி, ஓட்டையில் மரக்குச்சியைப் பசை தடவி அடித்து, நீளமான திருகாணி போட்டால் போதும். மேலும் கீழும் சந்து ஒரே அளவாக இருந்து, ஒரு கதவு மட்டும் இறங்கியிருந்தால் பிழை கதவில் இல்லை. அடித்தளம் ஒரு பக்கம் அமர்ந்துவிட்டது.

பிப்ரவரியில் இழைத்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களைக் குறை சொல்ல அல்ல, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதற்காக. சூடாக்காத கொட்டிலில் மரம் இங்கே குளிர்காலத்தில் ஈரம் இழுத்து அகலவாக்கில் பெருக்கும், கோடையில் வற்றும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. பெருத்திருக்கும்போது சீவினால் கோடையில் சந்து விழத்தான் செய்யும். கதவின் தலைப்பக்கமும் அடிப்பக்கமும் பெயிண்ட் இல்லாமல் பச்சையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று அடிப்பக்கத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், தண்ணீர் உறிஞ்சுவதோ அங்கேதான்.

லீட்ஸ்வாசி
ரொம்ப நன்றி அண்ணா. அளந்துவிட்டேன். நடுச்சந்து மேலேயும் கீழேயும் 6 மி.மீ. வலது கதவு இடதைவிட 6 மி.மீ. இறங்கியிருக்கிறது. குமிழி இடப்பக்கம் ஓடுகிறது, முகப்பின் வலது மூலை 12 மி.மீ. தாழ்வு. கூரையில் இருந்து மழைத்தண்ணீர் முழுவதும் அந்த மூலையில்தான் கொட்டுகிறது, தண்ணீர்த் தொட்டி வைக்கவில்லை. கதவின் அடிப்பக்கம் நீங்கள் சொன்னபடியே பச்சை மரம், கறுத்துப் போயிருக்கிறது.

தச்சுவேலை
அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. மண் இளகி மூலை அமர்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் மெஷின், அலமாரி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கார் ஜாக்கிக்கு அடியிலும் மேலேயும் தடித்த பலகை வைத்து, அந்த மூலையின் அடிக்கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். ஒரு சுற்று, அப்புறம் மட்டம் பார்ப்பது, மறுபடி ஒரு சுற்று. ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை அடியில் விடவே கூடாது, பக்கத்தில் முட்டுக்கட்டை இருக்கட்டும். மட்டம் வந்ததும் மக்காத பிளாஸ்டிக் தகடுகளை அடுக்கி இறக்குங்கள். கூரை ஓரத்தில் ஒரு பீலி, அதாவது தண்ணீரை ஏந்தும் வாய்க்கால், போட்டுத் தண்ணீரைத் தள்ளிவிடாவிட்டால் அடுத்த மாரியில் மூலை திரும்ப அமரும்.

அடிப்பக்கத்தை நன்றாகக் காயவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். பட்டை அதற்கும் பிறகுதான். கதவு வந்து முட்டும் உட்சட்டத்தின் முகத்தில் பட்டையை ஒட்டுங்கள். அப்போது கதவு அதை அமுக்கும், தேய்க்காது. ஒட்டும் இடத்தை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடையுங்கள், 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த நாளில் ஒட்டாதீர்கள். உங்கள் டேப் சுருண்டதற்கு ஈர மரமே போதுமான காரணம்.

நடுச்சந்து 6 மி.மீ. இருக்கிறதே, அதற்குப் பட்டை சரிவராது. முதலில் திறக்கும் கதவின் வெளிமுகத்தில் மெல்லிய மரச்சட்டம் ஒன்றை மற்றக் கதவின் மேல் படியும்படி அடியுங்கள். படியும் பகுதியின் உட்புறத்தில் ரப்பர் போடுங்கள். அடிச்சந்துக்கு அலுமினியப் பிடியுள்ள பிரஷ் பட்டை. வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்பதால் அதை வெளிமுகத்தில் பொருத்துங்கள், உள்ளே பொருத்தினால் சட்டத்தில் மாட்டும்.

பச்சைக்கதவு
பட்டையின் தடிப்பு எவ்வளவு வேண்டும் என்று தெரிய ஒரு வழி. சப்பாத்தி மாவை உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உட்சட்டத்தில் அங்கங்கே வைத்துக் கதவைச் சாத்தித் தாழ் போடுங்கள். நசுங்கிய மாவின் தடிப்புத்தான் உங்கள் சந்து. அதைவிடச் சற்றே தடித்த பட்டை வாங்கினால் சரியாக இருக்கும்.

நாற்றங்கால்
அக்கா உள்ளே எதைப் போட்டுச் சூடாக்குகிறார்? கேஸ் ஹீட்டர் என்றால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். காற்றுப் போக வழியில்லாத சின்ன அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே தெரியாது. அதோடு ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும், அவ்வளவும் துணிகளிலும் கண்ணாடியிலும்தான் படியும். எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் நல்லது. சுவரில் மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

லீட்ஸ்வாசி
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மின் ஹீட்டர்தான் வைத்திருக்கிறோம், துவாரத்தையும் தொடவில்லை. மூலையை 12 மி.மீ. உயர்த்தியதுமே கதவு உரசாமல் சாத்திக்கொண்டது. நடந்த இத்தனை வேலையிலும் எனக்குப் பெரிய சந்தோஷம் அதுதான். மாவு 4 மி.மீ. காட்டியது, பி வடிவப் பட்டை ஒட்டினேன். நேற்று நல்ல காற்று. கதவைச் சாத்திக்கொண்டு ஊதுபத்தியை ஓரம் முழுக்கக் காட்டினேன், புகை நேராக மேலே போனது. கீழ்த் தாழ்ப்பாள் இறங்கும் ஓட்டையருகில் மட்டும் இன்னும் வளைகிறது.

தச்சுவேலை
அந்த ஓட்டை வாசல்படியை ஊடுருவிக் கீழே திறந்திருக்கும். அடியில் ஒரு சிறு தகரத்தை அடித்துவிடுங்கள், ஆனால் தண்ணீர் வடிய ஓரத்தில் மெல்லிய வழி இருக்கட்டும்.