ம்யூட் அழுத்தியும் அடங்காத ஒலி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒயர்முடிச்சு

பெட்டிகளை ஒயரால் இணைத்து ஒலி நிரல் எழுதும் பியூர் டேட்டாவில் ஒரு பேட்ச் (நிரல்). ம்யூட் டாகிள் (0/1 பொத்தான்), அடுத்து [லைன்~] (மதிப்பைப் படிப்படியாக மாற்றுவது), அடுத்து [*~] (ஒலியைப் பெருக்குவது). லைனின் வலது இன்லெட்டுக்கு (உள்வாய்) லோட்பேங்க் (பேட்ச் திறக்கும்போது ஒருமுறை இயங்குவது) வழியாக 20 மில்லிசெகண்ட் என்ற நேரம் போய்விடுகிறது. முதல் அழுத்தலில் ஒலி வழுக்கிக்கொண்டு இறங்கும். இரண்டாவது அழுத்தலில் "டப்". அதற்குப் பிறகு எப்போதும் "டப்"தான். மூடித் திறந்தால் மறுபடியும் முதல் தடவை மட்டும் சுத்தம். சோதிப்பவர் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவதால் இந்தக் கோளாறு நேரே மேடையில்தான் தலைகாட்டும்.

வலது இன்லெட்டில் வந்த நேரத்தை லைன்~ ஒரே ஒரு ரேம்ப்புக்குத்தான் (ஒரு மதிப்பிலிருந்து இன்னொன்றுக்கான சறுக்கல்) வைத்துக்கொள்ளும், பிறகு 0 ஆக்கிவிடும். டாகிளுக்கும் லைனுக்கும் நடுவே [பேக் எஃப் 20] போடுங்கள். ஒவ்வொரு அழுத்தலிலும் மதிப்பும் நேரமும் சேர்ந்தே போகும். இன்னொன்று, [*~ 1] என்று எழுதாதீர்கள். எண் கொடுத்துவிட்டால் வலது இன்லெட் வெறும் எண்ணைத்தான் வாங்கும், சிக்னல் ஒயர் ஒட்டாது.

அடிக்குரல்

பேக் சரி, 20 சரியில்லை. 50 ஹெர்ட்ஸ் சைன் அலையின் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட். அதற்குள் அடக்கினால் "டப்" போய் "தும்" வரும். 40, 50 வையுங்கள்.

ம்யூட்டை விடுங்க, பக்கத்தில் நிற்கிற ஸ்லைடரைப் பாருங்கள். புதிதாக வைக்கும் செங்குத்து ஸ்லைடரின் வீச்சு 0 முதல் 127. அதை அப்படியே, டெசிபெல்லைப் பெருக்கலாக மாற்றும் [டிபிடுஆர்எம்எஸ்]-இல் செருகுகிறார்கள். பியூர் டேட்டாவில் 100 டெசிபெல் என்றால் பெருக்கல் 1. அப்படியானால் 127 என்பது +27 டெசிபெல், கிட்டத்தட்ட 22 மடங்கு! ஹெட்போன் மாட்டியிருப்பவர் காது என்ன ஆகும்? ப்ராப்பர்ட்டீஸில் மேல் எல்லையை 100 ஆக்குங்கள்.

"டெசிபெல்லே வேண்டாம், 0 முதல் 1 போதும்" என்பவர்களுக்கு: நேர்கோட்டு ஸ்லைடரைப் பாதிக்கு இறக்கினால் வெறும் 6 டெசிபெல்தான் குறையும். -20 டெசிபெல்லுக்குக் கீழே உள்ள மெல்லிய ஒலியெல்லாம் அடியில் இருக்கும் பத்தில் ஒரு பங்கில் நெருக்கியடித்துக் கிடக்கும். மதிப்பின் நான்காம் அடுக்கை எடுங்கள். நடுவில் -24 வரும், கீழே சுத்தமான 0 வரும். மூன்றாம் அடுக்கு என்றால் நடுவில் -18. எனக்குப் பிடித்தது நான்கு.

கடைசியாக ஒன்று. ம்யூட் ஸ்லைடரைத் தொடவே கூடாது. ஸ்லைடரை 0 ஆக்கிவிட்டுப் பழைய மதிப்பை எங்கேயோ ஒளித்துவைக்கும் பேட்ச்கள் ஏராளம். ம்யூட்டில் இருக்கும்போது யாராவது ஸ்லைடரை நகர்த்தினால் எந்த மதிப்பு திரும்பும்? வால்யூமுக்கு ஒரு [*~], ம்யூட்டுக்கு ஒரு [*~], வரிசையாக.

புள்ளிக்குப்பின்

மேலே இருவரும் 0-ஆல் பெருக்கினால் மௌனம் என்று நம்பிவிட்டீர்கள். சூப்பர்கொலைடர் என்ற ஒலி நிரலாக்க மென்பொருளில் ஒரு ஃபில்டர் நிலைகுலைந்து நேன் (எண் அல்லாத மதிப்பு) கக்கத் தொடங்குகிறது. ம்யூட் விளக்கு எரிகிறது, ரேம்ப் ஒழுங்காக 0-க்கு வந்துவிட்டது, வெளியேறுவதோ இன்னும் நேன். ஐஇஇஇ 754 (கணினியின் பின்ன எண்களுக்கான தரம்) கணக்கில் நேனை 0-ஆல் பெருக்கினாலும் நேன்தான். இன்ஃபினிட்டியை 0-ஆல் பெருக்கினாலும் அதே நேன். பின்னால் ரிவெர்ப் இருந்தால் அதன் நினைவிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அந்த நோடை (ரிவெர்ப் ஓடும் அலகை) கொன்றால்தான் போகும்.

ம்யூட்டுக்கு முன்னால், நேனையும் இன்ஃபினிட்டியையும் வடிகட்டும் சானிடைஸ்.ஏஆர் வையுங்கள். சொந்தமாக எஞ்சின் எழுதுகிறவர்கள் ரேம்ப் முடிந்ததும் பெருக்குவதை நிறுத்திவிட்டு பஃபரில் நேரடியாக 0 எழுதட்டும்.

வரிமுடிவு

இதைவிட மோசம், ம்யூட் கட்டளை புறப்படவே இல்லை என்பது. எஸ்சிலேங்கில் (சூப்பர்கொலைடரின் மொழிப் பகுதி) முடிவில்லாத ஒரு வைல் சுழல். மொழி உறைந்துவிட்டது, ஒலி மட்டும் ஓடுகிறது, ஏனென்றால் ஒலியை உருவாக்கும் எஸ்சிசின்த் தனி ப்ராசஸ். எஸ்.ம்யூட் கட்டளை, எல்லாவற்றையும் நிறுத்தும் கன்ட்ரோல்-புள்ளி விசை இரண்டும் மொழி வழியாகவே போக வேண்டியவை. காலடியில் மிடி பெடல் இருக்கிறதே என்கிறீர்களா? அதுவும் எஸ்சிலேங் வழியாகத்தான்.

ரூட் குரூப்பின் (எல்லா சின்த்களும் அடங்கும் தாய்க் குழு) கடைசியில் ஒரு ம்யூட் சின்த்தை 1000-க்குக் கீழான நிலையான ஐடியோடு, 900 என்று வையுங்கள். தானாகக் கொடுக்கப்படும் ஐடிகள் 1000-இல் தொடங்குவதால் மோதாது. வேறொரு சின்ன நிரலிலிருந்து, எஸ்சிசின்த் கேட்டுக்கொண்டிருக்கும் யுடிபி 57110-க்கு "/n_செட் 900 ஆம்ப் 0" என்ற ஓஎஸ்சி (ஒலி நிரல்கள் பேசிக்கொள்ளும் வடிவம்) செய்தி போனால் போதும் (இங்கே வாசிக்க வசதியாக எழுதியிருக்கிறேன், நிரலில் கட்டளைப் பெயரை அதன் மூல எழுத்திலேயே கொடுங்கள்). ஆம்ப்பில் லேக் (மதிப்பை மெதுவாக மாற்றுவது) போட மறக்காதீர்கள். கன்ட்ரோல்-புள்ளி இந்த சின்த்தையும் அழித்துவிடும், ஆகவே உருவாக்கும் வரியை சர்வர்ட்ரீயில் (அழித்த பிறகு தானாக ஓடும் பட்டியல்) சேர்க்க வேண்டும்.

ஒயர்முடிச்சு

@அடிக்குரல், பாஸுக்கு 50 சரி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் பதினாறாம் பங்கு அடி 125 மில்லிசெகண்ட்தான். அடி விழும் நொடியில் ம்யூட் அழுத்தினால் 50-க்குள் அந்த அடியின் முனை முழுக்க வெளியே வந்துவிடும். தாளத்துக்கு 5, பாஸுக்கு 50 என்று சேனலுக்குச் சேனல் மாற்றுங்கள். பேக்கின் வலது இன்லெட்டில் எண்ணை அனுப்பினால் ஆயிற்று.

அடிக்குரல்

தாளத்துக்கு 5 ஒப்புக்கொள்கிறேன். ஸ்லைடர் ப்ராப்பர்ட்டீஸில் இனிட் (சேமித்த மதிப்பை மீட்கும் தெரிவு) பற்றி யாரும் சொல்லவில்லையே. அது அணைந்திருந்தால் பேட்ச் திறக்கும்போது ஸ்லைடர் அடியில் நிற்கும். மாஸ்டர் வால்யூமுக்கு அணைத்தே வையுங்கள்.