நிலைத்த நுகர்வு ஆய்வு: மொரீஷியஸிலிருந்து ஓர் உதவி கேட்கிறேன்

வணக்கம். போர்ட் லூயிஸிலிருந்து எழுதுகிறேன். நிலைத்த நுகர்வு (சுற்றுச்சூழலைக் கெடுக்காத வகையில் பொருள்களை வாங்கிப் பயன்படுத்துவது) பற்றிய ஆய்வுகள் எப்படி மாறி வந்தன என்பதுதான் என் முதுகலை ஆய்வு. 1992-இல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டுக்குப் பிறகு இந்தத் துறை சூடுபிடித்தது. தொடக்கத்தில் தனி மனிதரின் மனப்பான்மையை அளந்தார்கள். சுற்றுச்சூழல் அக்கறை உள்ளவர்களும் கடையில் ஏன் வேறு மாதிரி வாங்குகிறார்கள் என்பது பெரிய கேள்வி. அப்புறம் சமையல், குளியல், பயணம் என்று அன்றாடப் பழக்கங்களின் பக்கம் திரும்பினார்கள். இப்போது 'எவ்வளவு இருந்தால் போதும்' என்ற பேச்சு வளர்கிறது.

ஆனால் நான் படித்தவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவைப் பற்றியவை. இது என்னை உறுத்துகிறது. இங்கே பிளாஸ்டிக் பைகளுக்கு 2016-இல் தடை வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே என் பாட்டி தாழை ஓலைக் கூடையோடுதான் சந்தைக்குப் போவார். காவடி நாளில் ஏழு கறியும் வாழை இலையில்தான். நான் பார்த்த ஆய்வுக் கேள்வித்தாள் எதிலும் இதற்கு இடமில்லை.

சிறு தீவுகளையோ புலம்பெயர் தமிழர்களையோ பற்றிய ஆய்வு தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பிரெஞ்சில் இருந்தாலும் சரி. ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் எந்தச் சொற்களை வைத்துத் தேடலாம்? மோக்கா மகாத்மா காந்தி நிறுவனத்தில் படித்த அக்கா, அண்ணன் யாராவது இருந்தால், பழைய சந்தைப் பழக்கங்கள் பற்றிய வாய்மொழிப் பதிவுகள் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஆய்வுத் திட்டத்தைக் கொடுக்க வேண்டும்.