செர்ரி இறால் தொட்டியில் அட்டை, மருந்து ஊற்றலாமுங்களா?

வாய்க்கால்மேடு, கோபி:
வணக்கமுங்க. இரண்டடித் தொட்டி, ஐம்பது லிட்டர் பிடிக்கும். செர்ரி இறால் நாற்பது இருக்கும். ஒன்றரை வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் தடப்பள்ளி வாய்க்காலுக்குக் குளிக்கப் போனவன் சும்மா வராமல் ஒரு கை வேலம்பாசி அள்ளிவந்தேன். குழாயடியில் இரண்டு அலசு, அப்படியே தொட்டிக்குள். நேற்று ராத்திரி செல்போன் லைட்டில் பார்த்தால் கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஒன்று, அரை அங்குலம்கூட இல்லை, சாண் போட்டு அளப்பதுபோல நகர்கிறது. காலையில் இரண்டு இறால் செத்துக் கிடந்தன. நாய்க்கு வாங்கிய பூச்சி மருந்து வீட்டில் இருக்கிறது, ஊற்றவா? அம்மா உப்பைக் கொட்டச் சொல்கிறார்.

பனியன்நகர்:
பிளனேரியா என்கிற தட்டைப்புழுதானுங்க அது. பென்பெண்டசோல் என்கிற குடற்புழு மருந்தைப் போடுங்க, மூன்றே நாளில் போய்விடும்.

ஆனைமலை அடிவாரம்:
தம்பி, மருந்தைக் கீழே வையுங்க. பிளனேரியா கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும், சாண் போடாது. தலை அம்பு முனைபோல இருக்கும், இரண்டு கண் புள்ளி தெரியும். உங்களுடையது அட்டையேதான். இரண்டு முனையிலும் உறிஞ்சி, உடம்பெல்லாம் வளையம்.

ஆனால் வால்பாறையில் காலில் ஏறுகிற அட்டை வேறு, இது வேறு. வாய்க்கால் பாசியோடு வருகிற சின்ன அட்டைகள் பெரும்பாலும் நத்தையையும் புழுவையும்தான் தின்னும். தொட்டியில் வெறும் நத்தை ஓடு கூடியிருக்கிறதா பாருங்க. எனக்கு வந்ததில் ஒன்றை வெள்ளைக் கிண்ணத்தில் போட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அடிவயிற்றில் குருணை ஒட்டினமாதிரி குட்டிகள், அம்மா நகர நகர அத்தனையும் ஆடுகின்றன. பிடித்ததைக் கொல்ல மனசு வரவில்லை, அது வேறு கதை.

பென்பெண்டசோல் பிளனேரியாவைத் தீர்க்கும், அட்டைக்கு அதை நம்ப முடியாது. நெரைட் நத்தை இருந்தால் அதுவும் போகும். உப்பும் வேண்டாம். அட்டை சாகிற அளவுக்குப் போட்டால் பாசியும் இறாலும் தாங்காது. மூன்று வருடம் முன்பு ஒரு கடையில் மீனுக்கென்று கொடுத்த சொட்டு மருந்தை, பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் ஊற்றினேன். தாமிரம் கலந்தது. ராத்திரிக்குள் அறுபது இறாலும் வெளுத்துக் கவிழ்ந்துவிட்டன.

கையால் பிடிப்பதுதான் வழி. மூடியோடு ஒரு பிளாஸ்டிக் குப்பி எடுத்து, கோணி ஊசியைச் சுடவைத்து நாலைந்து ஓட்டை போடுங்க. அட்டை நுழையும், பெரிய இறால் நுழையாது. உள்ளே ஒரு துண்டு கோழி ஈரல், மிதக்காமல் இருக்க ஒரு கூழாங்கல். லைட் அணைத்ததும் இறக்கி, விடியும்போதே எடுத்துவிடணும். விட்டால் ஈரல் அழுகித் தண்ணீர் கெடும்.

அந்த இரண்டு இறாலையும் அட்டை கொன்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சமீபத்தில் தண்ணீர் மாற்றினீர்களா? செத்ததன் முதுகில், தலை முடிகிற இடத்தில், சுற்றி வெள்ளைக் கோடு இருந்ததா?

வாய்க்கால்மேடு, கோபி:
அண்ணா, இருந்ததுங்க! குப்பையில் போட்டதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆற்றுத் தண்ணீர் வராததால் போன ஞாயிறு பாதித் தொட்டிக்கு போர் தண்ணீர் விட்டேன்.

ஆனைமலை அடிவாரம்:
அதுதான். போர் தண்ணீரில் உப்புச்சத்து அதிகம். ஒரேயடியாக மாறினால் தோல் சரியாக உரியாமல் இறால் நடுவில் மாட்டிக்கொள்ளும். இனி வாரம் ஐந்து லிட்டருக்கு மேல் மாற்றாதீங்க, அதையும் சொட்டுச் சொட்டாக விடுங்க. அடுத்த தடவை பாசி அள்ளினால் இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் கிடக்கட்டும்.

வாய்க்கால்மேடு, கோபி:
முதல் நாள் நாலு, நேற்று மூன்று, இன்றைக்கு ஒன்றுமில்லை. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டேன் போல, இரண்டு குஞ்சு இறால் உள்ளே உட்கார்ந்து ஈரல் தின்றுகொண்டிருந்தன. அம்மா உப்பு டப்பாவை இன்னும் தொட்டி பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.