சொந்தத் தொகுப்புகளுடன் டெபியன் நிறுவல் ஐஎஸ்ஓ: எந்த வழி நல்லது?

கேள்வி
வணக்கம். ஒரு நூலகத்தில் உள்ள 30 பழைய கணினிகளில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், லிப்ரே ஆபிஸ், கிம்ப், விஎல்சி, அப்புறம் நாங்களே உருவாக்கிய ஒரு சிறிய டெப் தொகுப்பு (டெபியனில் நிறுவும் மென்பொருள் கோப்பு), இவையெல்லாம் நிறுவல் முடிந்ததுமே இருக்க வேண்டும். அந்த அறையில் இணையம் கிடையாது. ஒரு கணினியில் எல்லாவற்றையும் அமைத்துவிட்டு அதையே ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டு முழுவதையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு) ஆக்கிவிடலாமா?

பதில் 1
கியூபிக் என்ற கருவியைப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள லைவ் ஐஎஸ்ஓவை (நிறுவாமலே இயங்கும் ஐஎஸ்ஓ) பிரித்து, அதற்குள் ஒரு டெர்மினல் தரும். தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் கட்டளை மூலம் வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை நீக்கி, மறுபடி ஐஎஸ்ஓ ஆக்கலாம். உபுண்டுவுக்காக வந்த கருவி, டெபியனுக்கும் பயன்படும்.

பதில் 2
ஒரு முறை செய்து மறந்துவிடும் வேலைக்குக் கியூபிக் சரி. 30 கணினி உள்ள இடத்தில் அப்படி நிற்காது. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும், யாராவது இன்னொரு மென்பொருள் கேட்பார்கள். அப்போது டெர்மினலில் போன முறை என்னென்ன தட்டினோம் என்று நினைவிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அப்படியே ஐஎஸ்ஓ ஆக்குவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். உலாவி வரலாறு, வைஃபை கடவுச்சொல், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினியில் நுழையும் முறை) சாவிகள் எல்லாம் கூடவே போகும். அதைவிடத் தொல்லை மெஷின் ஐடி. ஒவ்வொரு கணினிக்கும் தனியாக இருக்க வேண்டிய அந்த 32 எழுத்து அடையாளம் 30 இடத்திலும் ஒன்றாகிவிடும். நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி நெட்வொர்க்டி போன்றவை, ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவையிடம் முகவரி கேட்கும்போது இதிலிருந்துதான் தங்கள் அடையாளத்தை உருவாக்குகின்றன. பின்னால் அந்த அறைக்கு நெட்வொர்க் வந்தால் இரண்டு கணினிகள் ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்ளும், காரணம் லேசில் பிடிபடாது.

எழுதி வைத்த பட்டியலிலிருந்து ஐஎஸ்ஓ கட்டித்தரும் டெபியனின் லைவ் பில்ட் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலி அடைவில் 'எல்பி கான்ஃபிக்' கொடுத்தால் கான்ஃபிக் என்ற அடைவு உருவாகும். அதற்குள் 'பேக்கேஜ் லிஸ்ட்ஸ்' இருக்கும். அங்கே ஒரு சாதாரண உரைக்கோப்பில் வரிக்கு ஒரு தொகுப்புப் பெயர் எழுதினால் போதும், கோப்பின் பெயர் மட்டும் 'லிஸ்ட்.சிரூட்' என்று முடிய வேண்டும். ஹேஷ் குறி (#) போட்டுக் குறிப்பும் எழுதலாம். ஒவ்வொரு தொகுப்பும் யாருக்காக, எதற்காக என்று அங்கேயே எழுதி வையுங்கள், அடுத்து வருபவர் உங்களை வாழ்த்துவார். உங்கள் டெப் கோப்பை 'பேக்கேஜஸ்.சிரூட்' அடைவில் போடுங்கள். அதன் பெயரில் தொகுப்பு, பதிப்பு, கட்டமைப்பு மூன்றும் முறைப்படி இருக்க வேண்டும். மெனு, பின்னணிப் படம் போன்ற பயனர் அமைப்புகளை 'இன்க்ளூட்ஸ்.சிரூட்' அடைவுக்குள் இடிசி ஸ்கெல் பாதையில் வைத்தால், புதிதாக உருவாகும் ஒவ்வொரு பயனருக்கும் அவை வந்துவிடும்.

கான்ஃபிக் கட்டளையில் இரண்டு விஷயம் முக்கியம். டெபியன் இன்ஸ்டாலர் தேர்வுக்கு 'லைவ்' என்று கொடுங்கள். அப்போதுதான் நிறுவி, ஐஎஸ்ஓவில் உள்ள அமைப்பையே வட்டில் நகலெடுக்கும். அடுத்து, ஆர்க்கைவ் (தொகுப்புக் களஞ்சியம்) பகுதிகளில் 'நான் ஃப்ரீ ஃபர்ம்வேர்' பகுதியையும் (சில வன்பொருள்கள் இயங்கத் தேவையான மென்பொருள்) சேர்த்து, தேவையான ஃபர்ம்வேர் தொகுப்புகளைப் பட்டியலில் எழுதுங்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் அது தனிப் பகுதியாகிவிட்டது. விட்டுவிட்டால் பல வைஃபை சில்லுகள் வேலை செய்யாது.

அப்புறம் ஐஎஸ்ஓவைக் கட்ட 'எல்பி பில்ட்'. மாற்றம் செய்து மறுபடி கட்டும் முன் 'எல்பி கிளீன்'. கான்ஃபிக் அடைவையும் கட்டளைகளையும் கிட்டில் (மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி) போட்டு வையுங்கள். ஐஎஸ்ஓ தொலைந்தாலும் பரவாயில்லை, பட்டியல் தொலையக் கூடாது. மெஷின் ஐடியையும் எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் நீக்கும் ஹூக்குகள் (கட்டும்போது தானாக ஓடும் சிறு நிரல்கள்) லைவ் பில்டிலேயே இருக்கின்றன.

கேட்டவர்
மிக்க நன்றி, இந்த வழியிலேயே போகிறேன். ப்ரீசீட் கோப்பு (நிறுவியின் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிய கோப்பு) சேர்த்து, எந்தக் கேள்வியும் கேட்காமல் தானாக நிறுவும்படி செய்யலாமா? ஐஎஸ்ஓ 4 ஜிபியைத் தாண்டினால் சிக்கல் வருமா?

பதில் 2
மொழி, நேர மண்டலம், பயனர் பெயர் எல்லாவற்றையும் ப்ரீசீட்டில் நிரப்புங்கள். வட்டுப் பிரிப்பை மட்டும் நிறுவி கேட்கட்டும். பூட் செய்ததும் வட்டைத் துடைத்துவிடும் யுஎஸ்பி ஒன்று மேசை மீது கிடப்பது ஆபத்து. யாரோ தெரியாமல் தங்கள் லேப்டாப்பில் செருகினால் அவர்களுடைய கோப்புகள் அத்தனையும் போய்விடும். கடவுச்சொல்லையும் ஹேஷ் வடிவில் (அசல் சொல் தெரியாதபடி மாற்றிய வடிவம்) மட்டும் கொடுங்கள், ஐஎஸ்ஓ கையில் இருக்கும் எவரும் அந்தக் கோப்பைத் திறந்து படிக்கலாம்.

4 ஜிபி எல்லை, ஃபேட்32 வடிவில் அமைத்த யுஎஸ்பியில் வைக்கும் தனிக் கோப்புக்கு உரியது. டிடி கட்டளையால் ஐஎஸ்ஓவை நேராக யுஎஸ்பியில் எழுதினால் அது குறுக்கே வராது. அளவைக் குறைக்க வேண்டுமானால், பரிந்துரைத் தொகுப்புகளைத் தவிர்க்கும் ஆப்ட் தேர்வு இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் டெஸ்க்டாப்பில் சில வசதிகள் காணாமல் போகும், அவற்றைத் தேடித்தேடிப் பட்டியலில் எழுத வேண்டிவரும்.

பதில் 3
பழைய கணினி என்பதால் ஒன்று சொல்கிறேன். அவற்றில் 32 பிட் செயலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவற்றுக்குத் தனி ஐஎஸ்ஓ கட்ட வேண்டும். டெபியன் 13இல் 32 பிட் பிசிக்கான நிறுவி கிடையாது, ஆகவே அவை 12ஓடு நிற்கும். கட்டியதும் க்யூஇஎம்யூவில் (கணினிக்குள் மெய்நிகர் கணினி ஓட்டும் மென்பொருள்) நெட்வொர்க் கார்டு இல்லாமல் முழு நிறுவலையும் ஓட்டிப் பாருங்கள், பழைய பூட் முறையான பயாஸில் ஒரு தடவை, புதிய முறையான யூஈஎஃப்ஐயில் ஒரு தடவை. இணையத்தை எதிர்பார்க்கும் தொகுப்பு ஏதாவது இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.