பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட்: ‘எழுசோதனை’ எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

‘பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட்’ என்பதற்குச் சொல்லப்படும் ‘மின்னேற்றத் தற்சோதனை’ எனக்கு ஒட்டவில்லை. மின்னேற்றம் என்றதும் போனுக்கு சார்ஜ் போடுவதுதான் நினைவுக்கு வருகிறது. பவர் பட்டனை அழுத்தியதும், இயங்குதளத்தைத் தேடிப் போகும் முன், நினைவகம் (ரேம்) இருக்கிறதா, திரை அட்டை (கிராபிக்ஸ் கார்டு) இருக்கிறதா என்று தாய்ப்பலகையிலேயே (மதர்போர்டு) பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸ் பார்க்கிறதே, அதற்கு ‘எழுசோதனை’ என்று வைத்தால் என்ன? வினைத்தொகை, அதனால் நடுவில் ‘ச்’ வேண்டாம். (சுடுகாட்டுக்கும் இதே இலக்கணம்தான்.) முதலில் ‘விழிச்சோதனை’ என்றுதான் எழுதினேன், படித்துப் பார்த்தால் கண் டாக்டரிடம் போவது போல இருந்தது.

இந்தச் சொல் தேவைப்படுவதற்குக் காரணம், ‘கம்ப்யூட்டர் ஆன் ஆகல’ என்று மூன்று வேறு கோளாறுகளுக்கும் ஒரே பேச்சைப் பேசுகிறோம். மின்சாரமே ஏறவில்லை, எழுசோதனை தேறவில்லை, எழுசோதனை தேறியும் இயங்குதளம் துவங்கவில்லை (பூட் ஆகவில்லை). ஒவ்வொன்றுக்கும் கை வைக்க வேண்டிய இடம் வேறு.

போன வாரம் என் பழைய மேசைக்கணினியில் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. பவர் சப்ளை போயிருக்கும் என்றார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு ரேம் பட்டைகளையும் கழற்றி, மறுபடி மின்சாரம் கொடுத்தேன், நீளநீளமாக ‘பீப்’ என்று கத்தியது. நினைவகம் இல்லை என்று புகார் சொல்லும் அளவுக்குத் தாய்ப்பலகைக்கு உயிர் இருக்கிறது, சரி. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, ரேமின் தங்க நிறக் கால்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, இரு பக்கக் கொக்கியும் ‘டக்’ என்று விழும்வரை அழுத்தினேன். ஒரே ஒரு குட்டி பீப்: எழுசோதனை தேறிவிட்டது. ஆனாலும் துவங்கவில்லை! தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்ததில், எந்த வட்டிலிருந்து துவங்க வேண்டும் என்ற அமைப்பும் அழிந்திருக்கிறது. புது பேட்டரி போட்டு, வரிசையைச் சரிசெய்ததும் வந்துவிட்டது.

துவக்கம் என்ற சொல்லை அப்படியே விட்டுவிடலாம், ஏற்கெனவே புழங்குகிறது. ‘பீப்’பும் இருக்கட்டும், அது ஒலிக்குறிப்புதானே. ஆனால் நீள பீப், குட்டி பீப் என்பதற்கு நம்மிடம் நெடில், குறில் சும்மா கிடக்கின்றன. அவார்டு என்ற வகை பயாஸில் ஒரு நெடில், இரண்டு குறில் கேட்டால் திரை அட்டையில் கோளாறு என்று சொல்லிப் பாருங்கள், காதில் நன்றாகத்தான் விழுகிறது.