செந்தில் எத்தனை மணிக்கு வருவான்?

குழு: மேலத்தெரு உறவுகள்

மணி: அண்ணி விடியற்காலை 4 மணிக்குத் தவறிவிட்டார்கள். செந்திலுக்குச் சொல்லியாச்சு. அவன் வந்த பிறகுதான் எடுக்கிறோம்.

கீதா: ஐயோ சித்தி

விஜி: நேற்று ராத்திரிகூடப் பேசினார்களே 😭

செந்தில்: சித்தப்பா, திருச்சிக்கு நேர் விமானம் கிடைத்துவிட்டது. 12.40 - 2.15

பாபு: ஒன்றரை மணி நேரம்தானா? அப்போ 3 மணிக்கே எடுத்துவிடலாமே

ரவி: பாபு, 12.40 சிங்கப்பூர் நேரம், 2.15 நம் நேரம். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவன் விமானம் கிளம்பும்போது இங்கே 10.10தான் ஆகியிருக்கும். ஆகாய வழியில் கிட்டத்தட்ட 3000 கிலோமீட்டர். மேலே போனபின் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் வரும், ஆனால் ஏறி இறங்குவதையும் சேர்த்தால் நாலு மணி நேரம். அப்புறம் இமிகிரேஷன் வரிசை இருக்கிறது. செந்தில், கைப்பை மட்டும் கொண்டு வா, பெட்டிக்காக நிற்க வேண்டாம். திருச்சியிலிருந்து திருவையாறு ஒன்றரை மணி நேரம்

விஜி: வீட்டுக்கு எத்தனை மணிக்கு? அதை மட்டும் சொல்லுடா

ரவி: 5

கீதா: சென்னைக்கு வந்தால் என் காரிலேயே வந்துவிடலாமே

ரவி: வேண்டாம் கீதா. சென்னைக்கும் 2900 கிலோமீட்டர், பறக்கிற நேரம் ஒன்றுதான். இறங்கிய பிறகு சாலையில் ஆறு மணி நேரம் போய்விடும். நீ இப்போதே கிளம்பு

கோபால்: வித்தியாசம் இரண்டு மணி நேரம்தானே. நான் அங்கே இருந்தபோது அப்படித்தான்

ரவி: அது அப்போது மாமா. 1982 ஜனவரியில் அங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள்

கோபால்: நான் 80லேயே திரும்பிவிட்டேன். அப்பா போன தந்தி கிடைத்து, சிதம்பரம் கப்பலில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது

விஜி: விமானமும் இருந்தது அண்ணே. அம்மா கடைசிவரை அதைத்தான் கேட்டாள்

கோபால்: டிக்கெட்டுக்குப் பணம் ஏது விஜி

மணி: இன்றைக்கு இது வேண்டாம். ஐஸ் பெட்டி வந்துவிட்டது. பந்தல்காரர் 8 மணிக்கு வருகிறார்

விஜி: சனிக்கிழமை. கோழிக்குச் சொல்லியாச்சா?

பாபு: அதெல்லாம் எதற்கு அத்தை

விஜி: சனிப் பிணம் தனியே போகாது என்பார்கள். உன் அம்மாவைக் கேள்

மணி: கோழியை நான் பார்த்துக்கொள்கிறேன். விமானம் தாமதமானால் இருட்டிவிடும். அப்படியானால் நாளைக் காலையா?

கீதா: நாளை என்றால் அத்தனை பேருக்கும் ராத்திரி தங்க இடம்?

கோபால்: இருட்டினாலும் சரி, நாளை ஆனாலும் சரி. பிள்ளை முகம் பார்க்காமல் எடுக்காதே மணி

செந்தில்: பெரியப்பா 🙏 ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்

மணி: சரிடா. 2.15க்கு இறங்கியதும் கூப்பிடு, அப்புறம் முடிவு செய்வோம்

பாபு: திருச்சிக்கு எந்த வண்டி போகிறது?

ரவி: மாமா வண்டிதானே?

மணி: அது பட்டறையில் நிற்கிறது